நம்மாளின் நான்கு முன்பற்கள்

பல் மருத்துவரிடம் பதினாறு வருடமாக உதவியாளராக இருக்கும் அவளை வேலையிடத்தில் சிஸ்டர் என்பார்கள். வீட்டில் அம்மா. ஆனால் மூவாயிரம் பெண்களுக்கு அவள் 'அட்மின் அக்கா'. ஒரு நடிகருக்காக அவளே தொடங்கி நடத்திய ரசிகைகள் குழு அது. அங்கே நடிகரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. 'நம்மாளு' என்றால் போதும்; அவருக்குப் போட்டி நடிகர் 'எதிராளு'. நம்மாளின் படம் வெளியாகும் நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மருத்துவரும் அந்தக் காய்ச்சலின் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பார். கட்டிய கணவனை யாராவது வழுக்கை என்றால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். நம்மாளின் பல்வரிசை செயற்கை என்று எழுதிய பதினோரு பேரை மட்டும் போன வாரம் ஈவிரக்கமில்லாமல் குழுவிலிருந்து துரத்தியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவர் சன்னல் திரைகளை இழுத்து மூடினார்.

"ஒருத்தர் வர்றார் சிஸ்டர். பேரை நோட்டுல எழுத வேண்டாம். வெளியில மூச்சு விடக் கூடாது."

தொப்பியும் முகக்கவசமுமாக வந்தவரின் இடது காதைப் பார்த்ததுமே அது நம்மாளுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காது மடலைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதியவள் அவள்.

கவசம் இறங்கியது. முன்பற்கள் நான்குக்கும் மேலே செயற்கைப் பல்லுறை போட்டிருந்தது. அதில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மருத்துவர் நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். எந்தச் சிரிப்புக்காக அவள் ஊரையே பகைத்துக்கொண்டாளோ, அந்தச் சிரிப்பு அவள் ஏந்தியிருந்த தட்டில் 'டிங் டிங்'கென்று விழுந்தது.

ஊசியைக் கண்டதும் நம்மாளு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். போன படத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவர்.

"டாக்டர், ஊசி இல்லாம முடியாதா?"

"சின்ன ஊசிதான் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க." அவர் கை நீண்டு அவள் கையைப் பற்றியது. "ஆன்ட்டி, விட்டுடாதீங்க."

அவருக்கு அவளைவிட இரண்டு வயது கூட. வருடா வருடம் பிறந்தநாள் வாழ்த்தைத் தயாரிப்பவளுக்கு அது தெரியாதா?

ஊசி இறங்கியபோது அவருடைய நகம் அவள் உள்ளங்கையில் பதிந்தது. கண்ணோரம் வழிந்த நீரைப் பஞ்சால் துடைத்துவிட்டாள். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போது சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்தாள். 'பயம்னா என்னன்னே தெரியாத சிங்கம்' என்று ஒருத்தி படம் போட்டிருந்தாள். நானூறு இதயங்கள் விழுந்திருந்தன. உண்மையைச் சொல்வது தொழில் தர்மம் ஆகாது. ஆனாலும் விரல் கேட்கவில்லை. 'பாவம், அவரும் மனுஷன்தானே. அவருக்கும் பயம் இருக்கும்' என்று எழுதிவிட்டாள்.

தேன்கூட்டில் கல் எறிந்த கதைதான். "யாரைப் பாவம்ங்கிறீங்க?" என்றாள் ஒருத்தி. "எதிராளு பக்கம் சாஞ்சுட்டீங்களா?" என்றாள் இன்னொருத்தி. அவளே பழக்கி வளர்த்த துணை அட்மின் கடைசியாக எழுதினாள்: "பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி பேசாதீங்க அக்கா. அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

உள்ளங்கையில் நகத்தடம் இன்னும் சிவந்திருந்தது. கால் மணி நேரத்தில் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு?" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"குரூப்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க."

"நீ ஆரம்பிச்ச குரூப்ல இருந்தா? அப்படி என்ன பண்ணே?"

"பாவம்னு சொன்னேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

இரண்டு நாள் அவள் துக்க வீட்டுக்காரி மாதிரி திரிந்தாள். மூன்றாம் நாள், வேலையிலிருந்து வந்த கணவனிடம் வழக்கமில்லாத வழக்கமாக, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் பயந்துபோய், "யார் என்ன சொன்னாங்க?" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புது உறை மாட்டிக்கொள்ள நம்மாளு வந்தார். நாற்காலி சாய்ந்ததுமே அவர் கை காற்றில் துழாவியது. எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் வாயோரம் கொண்டுபோனபடி, அவள் இன்னொரு கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கோங்க தம்பி," என்றாள். "வாயை மட்டும் நல்லாத் திறங்க."