றுக்ஷானாவின் ஏழு படி

மேசன் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக் கோடுகளை அஸீமா விரலை நீட்டி மறுபடியும் எண்ணினாள். ஏழுதான். தங்கச்சி றுக்ஷானாவின் புதுவீட்டு வாசலுக்கு ஏழு படி. வேலிக்கு இந்தப் பக்கம் அஸீமாவின் வாசலுக்கு வைக்கப்போவது ஐந்து.

காத்தான்குடியில், வாவிக்கரைக்குக் கிட்டவுள்ள அந்த வளவை வாப்பா இரண்டாக்கி, இரு பெண்மக்களுக்கும் சரிசமமாக எழுதிக் கொடுத்திருந்தார். அத்திவாரம்கூட ஒரே உயரம். வெள்ளத்து வருஷம் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே, முப்பத்தைந்து அங்குலம். அதற்குப் பிறகுதான் சரிசமம் கெட்டது. கணவன் நஸீரின் தையல் கடையை நம்பி அஸீமாவின் வீடு ஆமைபோல எழும்பியது. றுக்ஷானாவின் மாப்பிள்ளை கத்தாரில். அவள் வீடு கண்மூடித் திறப்பதற்குள் கூரை கண்டுவிட்டது.

தங்கச்சியின் இரும்புக் கேற்றை அஸீமா பொறுத்தாள். தேக்கு ஜன்னலையும் பொறுத்தாள். "அல்லாஹ் குடுத்தது, அவள் வெச்சிருக்காள்" என்று வாயால் சொல்லிக்கொண்டாள். வாய் சொன்னதை நெஞ்சு கேட்கவில்லை.

போன கிழமைதான் அக்காவும் தங்கச்சியும் ஒரே ஓட்டோவில் ஏறாவூருக்குப் போய், கொங்கிறீட்டில் முன்கூட்டியே வார்த்து வைத்திருக்கும் படிக்கல் பார்த்து வந்தார்கள். அஸீமா எடுத்தது கண்ணாடிபோல மினுக்கிய கறுப்புக் கல். றுக்ஷானாவோ விளக்குமாற்றால் இழுத்ததுபோல முகம் சொரசொரத்த சாம்பல் கல்லைக் காட்டினாள். வீடு முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கட்டியவள் படியில் கோட்டை விட்டாளே என்று அன்று அஸீமாவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி ஏழு சுண்ணாம்புக் கோட்டில் காய்ந்துபோயிற்று.

"என்ன புள்ள இது? வீட்டுக்குப் போற வழியா, அரமனைக்குப் போற வழியா?" என்று வேலியோரம் நின்று கேட்டாள்.

"றாத்தா, அது என்னெண்டா..."

"எனக்கு வெளங்குதுகா. றாத்தாட வாசல விட ரெண்டு கூட இரிக்கோணும். அதுதானே?"

"இல்ல றாத்தா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"உன்ட ஏழு படியும் நான் ஏற மாட்டன். வெள்ளிக்கிழம குடிபூறலுக்கு என்னத் தேடாத."

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. உம்மா மௌத்தான பிறகு, ஒரு நல்ல காரியத்திலும் அவள் இல்லாமல் றுக்ஷானா நின்றதில்லை. ஆனாலும் விட்ட சொல்லை மடக்க ரோசம் இடங்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஏறாவூருக்குப் போனாள்.

"கபூர் நானா, எனக்கு அஞ்சு போதாது. ஏழு தாங்க."

படிக்கல் வார்க்கும் அப்துல் கபூர் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். "ஒவ்வொண்டும் ஏழு அங்குல உசரமெண்டுதானே கணக்கு? அஞ்சு படியில வீட்டுத் தரை வந்திரும். ஏழு வெச்சா வாசலத் தாண்டி ரெண்டு படி மேல போகும். ஏறிப்போட்டு வீட்டுக்குள்ள குதிக்கப் போறீங்களா, தங்கச்சி?"

கல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அஸீமாவின் காது சுட்டது.

"அப்ப என்ட தங்கச்சிக்கு மட்டும் எப்பிடி ஏழு?"

"அவட படி அஞ்சு அங்குலம்தான். தாழ்வான படி, அதான் எண்ணிக்கை கூட. கால் முழுசா வெச்சு ஆறி ஏறுறதுக்கு அகலக் கல். வழுக்காத முகம்." கபூர் சொல்லிக்கொண்டே போனார். "நீங்க மினுக்குக் கல்லுப் பார்க்கப் போன நேரம் அந்தப் புள்ள மெல்லமாக் கேட்டிச்சு. 'என்ட றாத்தாக்கு முட்டுக்கால் வருத்தம் நானா. தொழுகையில சுஜூதில இருந்து நிலத்தில கையூண்டித்தான் எழும்புறா. ஆருக்கும் சொல்ல மாட்டா. அவ தினமும் வந்து போற மாதிரிப் படி தாங்க' எண்டு. உங்களுக்குத் தெரியாதா?"

 முட்டுக்கால் வருத்தத்தை அஸீமா நஸீருக்குக்கூட மறைத்து வைத்திருந்தாள். மினுக்குக் கல்லைத் தேடி அவள் கண் அலைந்த நேரத்தில், ஒருத்தி அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அஸ்தஃபிருல்லாஹ் என்று அல்லாஹ்விடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டாள். மனிதருக்குள் நடக்கும் பெரிய உதவிகள் பல இப்படித்தான், இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாம்பல் படிகள் ஏழும் கழுவி ஈரமாகக் கிடந்தன. மேலே வாசலில் றுக்ஷானா, வருகிற யாரையும் சரியாகப் பார்க்காமல் வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஸீமா வட்டிலப்பச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் படியில் கால் வைத்தாள். ஈரத்திலும் கால் வழுக்கவில்லை. முட்டுக்கால் முனகவில்லை.

"ஏழு படியும் ஏற மாட்டனெண்டீங்க?" றுக்ஷானாவின் கண் கலங்கி, வாய் சிரித்தது.

"கணக்குப் பார்த்தன் புள்ள. உன்ட ஏழும் என்ட அஞ்சும் ஒரே உசரம்தான்." சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "கறுப்புக் கல்லு வேணாமெண்டு கபூர் நானாட்டச் சொல்லிட்டன். எனக்கும் இதே கல்லுத்தான். ஏழு."

"அப்ப உங்கட வாசலும் அரமனையா?"

"போகா, வாயாடி! என்ட காலப் பத்தி ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய், என்ன?" என்று அஸீமா தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.