வடக்கே போகும் குஞ்சுகள்

நபோருக்கு வலது தோள் வலி விடியுமுன்பே விழித்துக்கொண்டது. நேற்று கடலடியில் மூன்று மணி நேரம் சிப்பி பெயர்த்துவிட்டு அவசரமாக மேலேறியதன் பலன். விரல்கள் மரத்துக் கிடந்தன. படகைத் தண்ணீருக்குத் தள்ளும்போது பலகையைப் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். காற்றுக்குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான். காற்றடிக்கும் எஞ்சினின் வழக்கமான பெட்ரோல் நாற்றம். அதுவும் அவனை ஒன்றும் செய்யவில்லை.

படகுகளுக்கும் உரிமத்துக்கும் சொந்தக்காரரான தோன் ஃபெர்மின் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: "இன்னிக்கு மேற்குப் பாறைக்குப் போங்க."

சிப்பி பெருகட்டும் என்று முக்குளிப்பவர்கள் தாங்களாகவே கூடி, அங்கே யாரும் எடுப்பதில்லை என்று அந்தப் பாறையை மூடி ஒரு வருடமாகிறது.

"அது மூடியிருக்கு, முதலாளி," என்றான் நபோர்.

"யாருக்குடா மூடி வெச்சிருக்கீங்க? நீரோட்டம் பாக்க ஆராய்ச்சிக்கார அம்மா அந்தப் பாறையில மெதக்கவிட்ட செவப்புக் கட்டையெல்லாம் எங்க ஒதுங்குச்சு? வடக்க, பியத்ராஸ் ஊர்க் கரையில. உங்க சிப்பிக் குஞ்சும் அதே நீரோட்டத்துல அங்கதான் போவுது. நீங்க பட்டினி கெடந்து அவனுங்களுக்குப் பந்தி வெக்கிறீங்க. என்னா மனசு!"

அவர் சொன்னது உண்மை. நபோருக்குக் கோபம்கூட வரவில்லை. முக்குளிக்கும் உடுப்பை மாட்டக் குனிந்தான்.

சிப்பி அறுக்கும் ஒலாயா கத்தியைத் துடைத்தபடி கேட்டாள்: "செவப்பு சரி. மஞ்சக் கட்டை?"

"அது என்னடி?"

"தெற்க புந்தா கோர்வாவுல அந்தம்மா விட்டது. இங்கதானே ஒதுங்குச்சு. நம்ம நபோரு பொறுக்கிட்டுப் போய் எரிச்சு காப்பி போட்டாரே!"

எல்லோரும் சிரித்தார்கள். நபோர் சிரிக்கவில்லை. "பத்து இருக்கும்," என்றான். பிறகு மெதுவாக, "அப்போ நாம அறுத்ததெல்லாம் அவங்க குஞ்சு."

புந்தா கோர்வாக்காரர்கள் மூன்று வருடம் முன்பே தங்கள் பாறையை மூடிவிட்டார்கள். நீங்களும் சேருங்கள் என்று வந்து கேட்டவர்களைப் பைத்தியங்கள் என்று கேலி செய்து அனுப்பிவிட்டு, இவர்கள் இன்னும் இரண்டு வருடம் சுரண்டினார்கள்.

"போகலன்னா குழாயக் கீழ வைங்க," என்றார் ஃபெர்மின். "வேற ஆளு வருவான்."

நபோர் வைத்தான். விரல் விட்டது தெரியவில்லை. மணலில் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளி ரெய்முந்தோவின் குழாய் விழுந்தது. அப்புறம் மற்ற ஐந்து பேருடையதும். ஒலாயா கத்தியை அவற்றின் மேல் போட்டாள்.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"பியத்ராஸுக்குப் போயி, நீங்களும் ஒரு பாறைய மூடுங்கடான்னு கேப்போம்," என்றான் ரெய்முந்தோ. "நடந்துதான் போகணும், மாப்ளே."

"மொதல்ல தெற்க போவோம்," என்றான் நபோர்.

ஏழு பேரும் ஒலாயாவும் தெற்கே நடந்தார்கள். திருப்பி அனுப்ப நீரோட்டம் அந்தப் பக்கம் ஓடுவதில்லை. புந்தா கோர்வாவுக்கு இவர்கள் பட்ட கடன், இரண்டு வருடச் சிப்பி, அப்படியே நிற்கிறது.