பதினேழாம் நம்பர் சாலை

எங்கள் கம்பெனி விற்கிற வீடியோ கேமில், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு தேசம் இருக்கிறது. அங்கே லாரி ஓட்டலாம். அந்தத் தேசத்துச் சாலைகளை வரைந்து, பேரும் நம்பரும் வைப்பது என் பிழைப்பு. வடக்கு தெற்காகப் போனால் ஒற்றைப்படை, கிழக்கு மேற்காகப் போனால் இரட்டைப்படை, ஊரைச் சுற்றிப் போனால் நூறுக்கு மேல். "இல்லாத ரோட்டுக்கு நம்பர் போடவா இவ்வளவு படிச்சே?" என்று சித்தி கேட்டாள். ஆமாம், அதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய!

அங்கே நான் தெரிந்தே செய்த தப்பு ஒன்று உண்டு. கிழக்கு மேற்காகப் போகிற ஒரு சாலைக்குப் பதினேழு என்று போட்டேன். என் தம்பிக்காகப் போட்டது.

தம்பி நிஜ லாரி ஓட்டியவன். நிஜமான பதினேழாம் நம்பர் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்தது. ஓட்டியது இவன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர், இவனுடைய உயிர் சிநேகிதன், அங்கேயே போய்விட்டான். இவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஒன்றரை வருஷம் யாரோடும் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவனாகவே வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்த ரோட்ட உன் கேம்ல போடு. ஒரு தடவையாவது நான் அந்த வளைவத் தாண்டணும்."

குழி குழியாக அவன் சொல்லச் சொல்ல வரைந்தேன். நம்பரும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றான். இருக்கட்டுமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுவிட்டேன்.

மூன்று மாதம் தினமும் ஓட்டினான். தினமும் வளைவுக்கு முன்னால் நின்றுவிடுவான். ஆனால் சாப்பிட ஆரம்பித்தான், முகம் மழித்துக்கொண்டான், அம்மாவோடு சண்டை போட்டான். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. அன்று காலை நான் கிளம்பும்போது, "இன்னைக்குத் தாண்டிடுவேன்கா" என்றான்.

அன்றுதானா எங்கள் மேலதிகாரி கண்ணில் அது பட வேண்டும்! கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஸ்கேல் என்று பேர்.

"என்னம்மா இது, கிழக்கு மேற்கா போற ரோட்டுக்குப் பதினேழு? கண்ண மூடிக்கிட்டுப் போட்டியா?"

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். என் வீட்டுத் துக்கத்தை அந்த ஆளிடம் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை. "கவனிக்கல சார்" என்றேன்.

"பதினெட்டாக்கிடு. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பலகைதானே மாறும், பாதை அதேதானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேமுக்கு நம்பர்தான் சாலை. நம்பர் போனால் சாலையே போனமாதிரி. அதில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைத் தூக்கி டிப்போவில் போட்டுவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும்.

அம்மா போன் செய்தாள்.

"ஏன்டி, பாதி வளைவு திரும்பிட்டான்டி! நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். திடுதிப்புனு லாரி எங்கயோ போய் நிக்குது. புள்ள பேச மாட்டேங்கிறான்."

பதறிப்போய் மறுபடி பதினேழு என்று அடித்தேன். ஏற்கவில்லை. ஒருமுறை ரத்தான நம்பரை எந்தச் சாலைக்கும் திரும்பத் தர முடியாதாம். ஸ்கேலிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன். அவருக்கும் முகம் வாடிப்போனது. "அத என்னாலயும் திருப்ப முடியாதும்மா. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். கேம் ரிமோட் தரையில் கிடந்தது. தம்பி கண்ணை மூடியிருந்தான்.

"டேய், ரோடு அப்படியே இருக்குடா. நம்பர் மட்டும்தான் பதினெட்டு. அதே வளைவு, அதே குழி. கண்ணத் திற, நான் கூட உக்காந்துக்கிறேன்."

"பதினெட்டுல அவன் சாகலையேக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தம்பி கண்ணைத் திறந்து கேட்டான்:

"நம்பர மாத்தினது யாரு?"

"ஆபீஸ்ல யாரோடா" என்றேன், வாய் கூசாமல்.