மீட்டருக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குரோம்பேட்டை ஸ்டேஷனில். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மீட்டருக்குக்கூடப் பொட்டு வெச்சாங்க" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும்.

முதல் வரி இப்படி இருந்தது: 'திருநீர்மலை அடிவாரத்து மீன் பண்ணையின் மேல் காலைச் சூரியன் தன் பொற்கரங்களை—'

வேண்டாம். சூரியன் தன் வேலையைப் பார்க்கட்டும்.

2

1974. மெட்டில்டா அந்தப் பண்ணையில் லேப் அசிஸ்டென்ட். தற்காலிக வேலை, வருஷா வருஷம் சூப்பரின்டெண்ட் தோத்தாத்ரி கையெழுத்துப் போட்டால்தான் நீளும். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் அவள் பொறுப்பு. அதன் ஒயர் நுனியில், தண்ணீரில் முக்குவதற்கு, கட்டைவிரல் தடிமனில் ஒரு புரோப். அதன் முனையில் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தாள். ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். (சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதையே அந்தத் தாளில்தான் இருக்கிறது.)

ஆயுத பூஜை லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அவள் திரும்பியபோது, தோத்தாத்ரி குளக்கரையில் தலையில் கைவைத்து நின்றார். அன்று காலை அவரே மீட்டரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"ஆக்சிஜன் ஒண்ணுக்குக் கீழ போயிடுத்தும்மா! சாகறதுக்குள்ள மொத்த மீனையும் பிடிச்சு வித்துடலாம். வலைக்காரனுக்குச் சொல்லி அனுப்பிச்சாச்சு."

உள்ளங்கை அளவுகூட வளராத மீன்கள். குஞ்சிலிருந்து அவள் வளர்த்தவை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒரு மீன்கூட மேலே வந்து வாயைப் பிளக்கவில்லை. மூச்சு முட்டினால் அப்படித்தானே செய்யும்?

புரோபின் முனையை மறைத்த சல்லடை மூடியைக் கழற்றினாள். தாளின் மேல் சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது. நடுவில் குங்குமம்.

3

இங்கே என் முதல் பிரதியில் இருந்தது: 'பண்ணையைப் பெருக்குகிற அங்காளம்மாள், பாவம், படிக்காதவள், பக்தி முற்றிப்போய்—'

அடித்துவிட்டேன். (யோசிக்காமல் எழுதினால் பேனா தானாகப் போய் அவளிடம்தான் நிற்கிறது. எனக்கே எரிச்சல்.)

புதுப் பிரதியில் அங்காளம்மாள் கிட்டே வந்து கிசுகிசுக்கிறாள்.

"நம்ம சாரேதான்மா வெச்சாரு. பொட்டி மேல வெச்சா போதும் சார்னேன். 'அதுக்கு மூஞ்சியே இதான்'னு சொல்லிகினே வெச்சாரு."

4

சுரண்டினால் தாள் கிழியும். மாற்றுத் தாள் ஒன்றே ஒன்று பாக்கி. மெட்டில்டா பழையதை உரித்தாள், உப்புக் கரைசலை நிரப்பினாள், புதியதை இழுத்துப் போர்த்தி ரப்பர் வளையத்தை மாட்டினாள். உள்ளே ஒரு குமிழ் அகப்பட்டாலும் மீட்டர் பொய் சொல்லும். "ஏசுவே" என்று முனகிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். (குமிழ் விழுகிற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். மீன்களை நினைத்துக் கிழித்துப் போட்டேன்.)

குமிழ் இல்லை. காற்றில் பிடித்து முள்ளைச் சரிசெய்துவிட்டுக் குளத்தில் இறக்கினாள். முள் ஆறைத் தாண்டி நின்றது.

வலைக்காரன் திரும்பிப் போனான். தோத்தாத்ரிக்கு முகமெல்லாம் பல். அப்புறம்தான் மேஜையில் கிடந்த பழைய தாளைப் பார்த்தார். பூஜையன்று அலமாரியிலிருந்து சைக்கிள் வரை பொட்டு வைத்தவர். இது மறந்துவிட்டதா, நடிக்கிறாரா, எனக்கும் தெரியாது.

"யார் பண்ணின வேலை இது? அங்காளம்மாவா? இன்னியோட நின்னுக்கச் சொல்லு."

அங்காளம்மாள் துடைப்பத்தோடு வாசலிலேயே நிற்கிறாள். மெட்டில்டாவைப் பார்க்கிறாள். மெட்டில்டாவுக்கு இந்த மாதம்தான் கையெழுத்து விழ வேண்டும்.

5

உண்மையைச் சொன்னாள் என்று எழுதினேன். வேலை போனால் அவளுக்குத்தானே, எனக்குச் சுலபமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள் என்று எழுதினேன். அதுவும் சுலபமாகவே இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

ஆகவே, "சார், அது வந்து..." என்பதோடு நான் பேனாவை மூடுகிறேன். அடுத்த வார்த்தை உங்களுடையது. நிதானமாக யோசியுங்கள், ஆனால் நீங்கள் எழுதி முடிக்கும்வரை அங்காளம்மாள் அந்த வாசலில்தான் நிற்பாள்.