கேயும் டபுள் டியும்

நேடீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாற்று பெல்ட்டோடு மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பிய வேன், ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும். இப்போது இரண்டரை.

மிசூரியில் பெரிய சாலைகளுக்குத்தான் எண். வயல்காட்டுக்குள் நுழையும் கிளைச் சாலைகளுக்கு வெறும் எழுத்து; ஏ, பி என்று போய், எழுத்து தீர்ந்தால் டபுள் ஏ, டபுள் டி. நேடீன் பிறந்ததிலிருந்து கே ரோட்டுக்காரி. கேயும் டபுள் டியும் சந்திக்கும் முக்கில்தான் அவளுடைய சோயா வயல். அதன் நடுவே, பெல்ட் அறுந்த அறுவடை மெஷின் காலையிலிருந்து அசையாமல் நின்றது.

அப்பா போன பிறகு அவள் தனியாக எடுக்கும் முதல் அறுவடை இது. அண்ணன் வெர்ன் விதைக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டான்: ஆற்றோரத்து இந்த நாற்பது ஏக்கரையும் மழைக்கு முன் அறுத்துவிட்டால் நிலம் அவள் கையில், இல்லாவிட்டால் பக்கத்து விவசாயி டில்மனுக்குக் குத்தகை. பன்னிரண்டு ஏக்கர் பாக்கி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மண் ஒருமுறை ஊறினால் வாரக்கணக்கில் மெஷினை இறக்க முடியாது, காய் செடியிலேயே அழுகும்.

போன் அடித்தது. வேன் ஓட்டும் ராய்ஸ்.

"அக்கா, முக்குக்கு வந்து அரை மணி நேரமாச்சு. உங்களைக் காணோமே?"

"என்னய்யா உளர்ற? முக்குலதான் நான் நிக்கிறேன்!"

"நானும் முக்குலதான் நிக்கிறேன்."

"கேயும் டபுள் டியும்?"

"போர்டுலயே போட்டிருக்கே. கே. டபுள் டி."

நேடீன் தொப்பியைக் கழற்றி, யாருமே இல்லாத ரோட்டைப் பார்த்து ஆட்டினாள். "தொப்பி ஆட்டுறேன், தெரியுதா?"

"இல்லக்கா."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பெரிய சிவப்பு மெஷின் நிக்குது பாரு!"

"மெஷின் எல்லாம் இல்லக்கா. வெள்ளையா ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சு இருக்கு. பக்கத்துல கல்லறை."

இந்த முக்கில் சர்ச்சும் இல்லை, கல்லறையும் இல்லை.

பிக்கப் வண்டியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த வெர்ன் சிரிக்க ஆரம்பித்தான். "எந்தக் கவுண்டின்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஒரே எழுத்து கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், திரும்ப வரும் என்று இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவள் ஹாலண்ட் கவுண்டி. அவன் சொன்ன சர்ச்சு இருப்பது பிரெண்டிஸ் கவுண்டி, நாற்பது மைல் தள்ளி.

"அட சனியனே!" என்று போனில் கத்தினாள். "ஒரு வார்த்தை கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? எந்தக் கவுண்டின்னு?"

"கேட்டேன்கா. 'ஊருக்கே தெரியும், உனக்கென்ன, உலகத்துல எத்தனை கே இருக்கு'ன்னு சொல்லி போனை வச்சிட்டீங்க."

நேடீனுக்குக் காது சுட்டது. சொல்லியிருந்தாள், அதே வார்த்தைகளில். காலையில் பெல்ட் அறுந்த கோபம், பக்கத்தில் நின்று அண்ணன் சிரித்த கோபம். வழி கேட்பவனைப் பார்த்தாலே எரிச்சல் அவளுக்கு.

"வா. வேகமா வா," என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

ராய்ஸ் வந்து சேர்ந்தபோது மூன்றரை. முதல் துளிகள் வேன் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தன. அவன் பெல்ட்டை நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு மெஷினை நோக்கி ஓடினாள், பெல்ட்டை மாட்டினாள், மூடியையும் திருகி முடித்தாள். இறங்கி நிமிர்ந்தபோது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு ஏக்கரும் அவள் கண்ணெதிரே கறுத்தது.

"விடு நேடீன். நனைஞ்ச செடியை அறுக்க முடியாது," என்றான் வெர்ன். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

அவன் பிக்கப்புக்குள் ஏறிப் போனை எடுத்தான். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மழைச் சத்தத்தில் அவன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"டில்மன், நீங்க வந்து நிலத்தைப் பாருங்க. ஆமா, கேயும் டபுள் டியும். ஹாலண்ட் கவுண்டி. குறிச்சுக்கோங்க, ஹாலண்ட் கவுண்டி."