சாவி தனி, பெட்டி தனி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழைய பொம்மைகளை இணையத்தில் விற்பவளுக்கு அது ஆகாது. "இந்த விலைக்கு உங்க வீட்டு ஓட்டை வாளிகூட வராது" என்று ஒருவருக்கும், அதைவிட மோசமாக இன்னொருவருக்கும் பதில் எழுதியதில் என்மேல் இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் கணக்கையே மூடிவிடுவார்களாம். வீட்டிலோ இன்னும் நாற்பத்தொரு தகர வண்டிகள். அப்புறம் அவற்றை யார் தலையில் கட்டுவது?

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிற பிறவி. அவர்தான் வழி சொன்னார்.

"முடியாதுன்னு சொல்லாதம்மா. இந்தக் காசுக்கு என்ன முடியும்னு சொல்லு. நாங்க அப்படித்தான் சமாளிக்கிறோம்."

அன்றைக்கே வந்து சேர்ந்தார் 'பேரப்புலி'. அந்த மனிதர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது. சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புத் தகரக் கார், அதன் அசல் சாவி, அசல் அட்டைப்பெட்டி, எல்லாம் சேர்த்து ஆறாயிரம் என்று போட்டிருந்தேன்.

"அறுநூறு. சரின்னா சொல்லுங்க" என்று எழுதினார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. 'போய்யா' வரை தட்டிவிட்டேன். பின்னால் நின்ற வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

"ரொம்ப நன்றி ஐயா. அறுநூறுக்குச் சாவியை மட்டும் தரலாம்."

நான் கிண்டலுக்குத்தான் எழுதினேன். மனிதர் பணத்தை அனுப்பிவிட்டார்!

பொம்மை சேர்க்கிறவர்களின் வியாதி எனக்குத் தெரியாதா? சாவி கையில் இருக்க, கார் இல்லாமல் எப்படிச் சோறு இறங்கும்? நாலாம் நாளே வந்தார்.

"காருக்கு ஆயிரத்து ஐநூறு. இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"உங்க ஆர்வத்தைப் பார்த்தா சந்தோஷமா இருக்கு ஐயா. அந்த விலைக்கு அட்டைப்பெட்டி வரும்."

அதையும் வாங்கினார். அடுத்த வாரம் குரல் இறங்கியிருந்தது.

"காலிப் பெட்டியப் பார்த்துப் பார்த்து வீட்டம்மா சிரிக்கிறாங்க. கார் மட்டும் எவ்வளவுதான் சொல்றீங்க?"

"நாலாயிரத்து ஐநூறு ஐயா."

"நாலாயிரம்."

"தாராளமா ஐயா. அதுக்குச் சக்கரம் இல்லாம அனுப்பறேன்."

கேட்ட விலை வந்து விழுந்தது. மொத்தம் ஆறாயிரத்து அறுநூறு, மூன்று தபால் செலவும் அவருடையது. நானும் வீட்டுக்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் என் விற்பனைப் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷி. ஆனா பாவம், பேரம் பேசத் தெரியாத அப்பாவி. ஆறாயிரம் சொன்ன காரை நாலாயிரத்து ஐநூறுக்கு அடிச்சிட்டேன்."

அப்பாவியா? நானா? கூட்டிக் காட்டி அவர் மானத்தை வாங்க விரல் துடித்தது.

"வேணாம்மா, மூணாவது புகார்!" என்று நாற்காலியைப் பின்னால் இழுத்தார் வீட்டுக்காரர்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். "உங்ககிட்ட ஜெயிக்க முடியுமா ஐயா? நன்றி."

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "அந்த நீல பஸ் என்ன விலை?"

நான் எழுந்து போய் நீல பஸ்ஸின் சாவியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தேன்.