எழுப்புத் தண்ணி

மாதுவுக்கு மூட்டுவலியாம், இந்த வருஷம் சேலை கட்டி நிற்க முடியாதாம். கலைமணி இதை நம்பவில்லை. போன வாரம்தான் காரிமங்கலம் சந்தையில் அந்த மனுஷர் கக்கத்துக்கொன்றாக இரண்டு ஆட்டுக்குட்டிகளை இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைக் கண்ணால் பார்த்தாள். அந்த ஓட்டம் ஓடிய கால் கரிநாளைக்கு மட்டும் எப்படி வலிக்கும்?

கலைமணி வாழ்க்கைப்பட்ட ஏரிக்கொட்டாயில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாளில், மாடுபிடிச் சண்டை நடத்துவார்கள். நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் சாமி காரியம். எந்தக் காலத்திலோ பாறைக்கொட்டாய்க்காரர்கள் பட்டியில் இருந்த மாடுகளை ஓட்டிப்போனார்களாம். இந்த ஊர் வீரன் வேடியப்பன் தனியாளாகப் போய் மீட்டுவந்து, பட்டி வாசலிலேயே விழுந்து செத்தானாம். கையில் வில்லும் கத்தியுமாக அவன் நிற்கிற நடுகல் ஏரிக்கரையில் இன்றைக்கும் இருக்கிறது. பட்டியின் படலைத் திறந்துவிட்டது யார்? அவன் பெண்டாட்டிதான். அவள் பாறைக்கொட்டாயில் பிறந்தவள்.

அதனால் வருஷாவருஷம் சண்டையில் அவள் கல்லுக்கு முன்னால் நின்று "ஆமா, நாந்தான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் அவள்மேல் மண்ணை வாரி வீசுவார்கள். பிறகு அவள் குடத்துத் தண்ணீரைத் தெளித்தால்தான் செத்துக் கிடக்கிறவன் எழுந்திருக்கலாம். அதற்குப் பெயர் எழுப்புத் தண்ணி. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தெளிப்பதற்கு முன் அவன் கண் திறந்தால் அந்த வருஷம் ஏரி நிறையாது என்பார்கள். மண்ணடி வாங்கும் அந்தப் பாவப்பட்ட வேஷம் எப்போதும் மாதுவுக்குத்தான். ஆசைப்பட்டு யார் கட்டுவார்கள் அதை!

சண்டையை முன்னின்று நடத்துகிற மதியழகன் வீட்டுக்கே வந்துவிட்டார். கலைமணியின் புருஷன் அருள்குமாருக்குப் பெரியப்பா மகன் அவர்.

"ஏம்மா கலைமணி, இந்த வருசம் நீயே நில்லும்மா. வேடியப்பனா நம்ம அருளுதான் நிக்கிறான். நெசப் புருசன் பொண்டாட்டியே நின்னா எடுப்பா இருக்கும். தருமபுரியில இருந்து வீடியோ எடுக்க ஆளு வருது. நீயும் பாறைக்கொட்டாயில பொறந்தவ, தோதா அமைஞ்சிருக்குது பாரு."

"எனக்கெதுக்குங்க மாமா அதெல்லாம்?" என்றபடி கலைமணி மாமியாரைப் பார்த்தாள். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ராமக்காள் தலையைத் தூக்கவில்லை. வாசலில் நின்று நாலு வார்த்தை சிரித்துப் பேசினாலே சாடை பேசுகிற மாமியார், மருமகள் ஊர் முன்னால் வேஷம் கட்டி நிற்பதற்கு ஒரு முனகல்கூட முனகவில்லை. அங்கேதான் கலைமணிக்குச் சுருக்கென்றது.

கார்த்திகையில் ராமக்காளின் செவலைப் பசு காணாமல் போனது. விடிந்து பார்த்தால் பட்டிப் படல் திறந்து கிடந்தது. கலைமணியின் அண்ணன் முத்துராஜ் மாட்டுத் தரகர். போதாதா ஊருக்கு! யாரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. இவள் குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். நாத்தனார் கவிப்பிரியா தன் கொலுசைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

படலைக் கட்டாமல் விட்டது யார் என்று கலைமணிக்குத் தெரியும். மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் பேர்வழி என்று பட்டிக்குள் போய், அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்து படுத்தது அருள்குமார். காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை.

"அம்மாகிட்ட சொல்லிப்புடாத கலை. குடிச்சேன்னு தெரிஞ்சா அது உசுரையே வுட்டுரும். நேரம் பாத்து நானே சொல்றேன்."

நம்பினாள். கார்த்திகை போய் மார்கழியும் போனது, அவனுக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

"நான் நிக்கமாட்டேன்னு சொல்லிரட்டுங்களா?" என்று மதியழகன் வந்துபோன அன்று ராத்திரி அவனிடம் கேட்டாள்.

"மாட்டேன்னா, என்னமோ இருக்குதுன்னு நெனைக்கமாட்டாங்களா? சும்மா நாடகந்தான. நான் பக்கத்துலயேதான கெடக்கப்போறேன்" என்றான்.

கரிநாள் வந்தது. சூளைச் செங்கல் நிறத்தில் புழுதி கிளம்ப, பறை முழங்க, பாறைக்கொட்டாய் இளவட்டங்கள் கூச்சலிட்டபடி மாடுகளை ஓட்டிப்போனார்கள். எல்லாம் அவள் கூடப் படித்த பையன்கள்தான். அருள்குமார் மரக்கத்தியோடு அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடினான். மாடுகளைத் திருப்பி ஓட்டிவந்தவன், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் நெஞ்சில் வழிய, கல்லுக்கு முன்னால் தொப்பென்று விழுந்தான். வேஷம் என்று தெரிந்தும் "அய்யோ!" என்று கத்திவிட்டாள். அந்த ஒரு நொடி நெசமாகவே தாலி அறுந்துபோன மாதிரி இருந்தது.

வேடியப்பனின் தாயாக ராமக்காள் முன்னால் வந்தாள். பின்னால் பெண்கள், கை நிறைய மண்.

"பட்டியத் தொறந்தது யாரு?"

மாது நிற்கும்போது இதைக் கேட்டுவிட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இன்றைக்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கவிப்பிரியாவின் கைமண்ணில் கல் கிடந்தது.

"பட்டியத் தொறந்தது யாரு?" ராமக்காள் மறுபடியும் கேட்டாள். அடுத்து வந்தது சண்டைப் பாட்டிலேயே இல்லாத கேள்வி. "எஞ்செவலைய எங்கடி ஓட்டுனீங்க, நீயும் உங்கண்ணனும்?"

பறை நின்றது. வீடியோக்காரன் இன்னும் கிட்டத்தில் வந்தான். மாதுவின் மூட்டுவலி எங்கிருந்து வந்தது என்று கலைமணிக்கு இப்போது விளங்கியது. சாமிக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அவள் வாயாலேயே "ஆமா, நாந்தான்" என்று வரவேண்டும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. பாவிகளா!

"சொல்லும்மா, ஒரு வார்த்தைதான" என்று மதியழகன் முணுமுணுத்தார்.

அவள் கீழே பார்த்தாள். பக்கத்திலேயேதான் கிடந்தான். "ஏங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவன் கணுக்காலில் எறும்பு ஒன்று ஏறியது. இன்னொரு காலால் அதைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, மறுபடி செத்துப்போனான். எறும்புக்கு அசைந்தால் தப்பில்லை, பெண்டாட்டிக்கு அசைந்தால்தான் ஏரி நிறையாது போலிருக்கிறது!

"தொறந்தது நானில்லீங்க அத்தை" என்றாள் கலைமணி. குரல் உடையாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "எங்கண்ணனும் இல்ல. யாருன்னு எனக்குத் தெரியும். அவுங்களே சொல்லட்டும்னுதான் இத்தன நாளா வாய மூடிக்கிட்டிருந்தேன். இப்பவும் அவுங்க சொல்லட்டும்னுதான் நிக்கிறேன்."

நின்றாள். அருள்குமாரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கண் திறக்கவில்லை. ராமக்காளும் அந்தத் தொண்டையைப் பார்த்துவிட்டாள். அவள் கைமண் விரல் சந்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியது.

கலைமணி குடத்தைத் தூக்கினாள். கல்லின் தலையில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள். "நீயாச்சும் நெசமா செத்த சாமி, உனக்கு ஊத்தலாம்" என்றாள். அவன்மேல் ஒரு சொட்டும் படவில்லை.

"அய்யய்யோ, எழுப்புத் தண்ணி!" என்று யாரோ அலறினார்கள். அவள் திரும்பாமல் ஏரிக்கரை ஏறி ரோட்டுக்கு வந்தாள். சொல்லி வைத்த மாதிரி கிருஷ்ணகிரி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் நகரும்போது பின்னால் கூப்பாடு கேட்டது. நெஞ்செல்லாம் சிவப்பாக அருள்குமார், "கலை! கலை! நான் சொல்லிடறேன், இறங்கு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏம்மா, அந்தாளு உங்களத்தான் கூப்புடறாரு. நிறுத்தட்டுங்களா?"

"வேணாங்க. அவரு செத்துப்போயிட்டாரு. இப்பத்தான் ஊரே பாத்துச்சு" என்று கலைமணி காசு முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பாறைக்கொட்டாய்க்கு ஒண்ணு குடுங்க."